கூரைத்தண்ணீர் விழும் இடம்

“அந்தப் பக்கம் வேண்டாம்னா வேண்டாம்தான்.”

“ஏன் வேண்டாம்னு ஒரு காரணம் சொல்லு. உன் அடுப்பங்கரையையா இடிக்கப் போறேன்? ஒண்ணுக்கும் ஒதவாத ஈர மண்ணு. வெயில் எட்டிப் பார்க்காத எடம். கோழி கூட அங்க கிளறுறதில்ல.”

“நான் வெரட்டுறேன். அதான் கிளறுறதில்ல.”

பிஷெந்தே கையிலிருந்த சோள ரொட்டியைப் பீன்ஸ் தட்டில் போட்டுவிட்டு, மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்த கஷியானோவைப் பார்த்தான். தன் கட்சிக்கு ஆள் தேடுகிற பார்வை.

“கேட்டுக்கங்க கஷியானோ. பதினேழு வருஷமா என் பொண்டாட்டி கோழியைப் பகைச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்துறா.”

கஷியானோ சிரிக்கவில்லை. வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு அவர்தான் முதலில் சிரிப்பார். சுபியேத்தா என்கிற பக்கத்து வீட்டுக்காரர், அறுபதைத் தாண்டியவர். கல் வேலை, கூரை வேலை, தலைகீழாகச் சிக்கிய கன்றை இழுத்துப் போடுவது, எல்லாம் தெரியும். அந்த மலையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சொந்தபந்தத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டியது முதல் அண்டைவீட்டுக்காரன். பிஷெந்தேயின் எலோர்தி வீட்டுக்கு முதல் அண்டைவீடு சுபியேத்தா. எலோர்தியில் செத்தவர்களைக் குளிப்பாட்டியதும் சுமந்ததும் நாற்பது வருடமாகக் கஷியானோவின் கைகள்தான். இப்போது அந்தக் கைகள் ஆப்பிள் கள் ஊற்றிய கோப்பையைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன.

பிரச்சினை பால் கம்பெனியிலிருந்து வந்தது. பாஸ்க் மொழி ஒரு வார்த்தை தெரியாத ஒருவன் ஸ்பானிஷில் அச்சடித்த காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். செப்டம்பர் கடைசியில் வருகிற மிக்கேல் திருநாளுக்குள் தொழுவத்துக்குச் சிமெண்ட் தரை போட வேண்டும், மூத்திரமும் சாணியும் வடிய மூடிய குழி வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பால் வண்டி எலோர்தி வாசலில் நிற்காது. எட்டுப் பசு வைத்திருக்கிற வீட்டுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பிஷெந்தே இடமும் பார்த்துவிட்டான். வடக்குச் சுவருக்கு வெளியே, கூரை இறங்குகிற இடத்தில், சுவரை ஒட்டி நாலடி அகலத்துக்கு நீளமாக ஒரு துண்டு மண்.

“குழியை உள்ள வெட்டு,” என்றாள் இனாஷி. “தொழுவத்துக்குள்ளயே, நடுவுல. எப்படியும் தரையைப் பேத்துச் சிமெண்ட் போடத்தானே போறே?”

“உள்ளயா? ஒவ்வொரு பலகைக்கல்லும் ஒரு கழுதை கனம் இருக்கும்.”

“காளை வெச்சு இழு. மண்ணை நான் சுமக்கிறேன். ஒரு கூடை கூட உன்னைத் தூக்கச் சொல்லமாட்டேன்.”

“உள்ள வேண்டாம்பா,” என்றார் கஷியானோ. அவ்வளவு நேரத்தில் அவர் பேசிய முதல் பேச்சு. “உள்ள பாறை தட்டும்.”

“நீங்க என்னிக்கு எங்க தொழுவத்துக்குள்ள தோண்டினீங்க, பாறை இருக்கிறதைப் பார்க்க?”

“இல்ல... ஒரு குத்துமதிப்பாச் சொன்னேன்.”

“குத்துமதிப்பாத்தான் உங்க மாட்டுக்கொட்டகையைக் கட்டினீங்க. அது ஆத்துப்பக்கம் சாஞ்சு நிக்குது.”

கஷியானோ கோப்பையைக் காலி செய்தார். இனாஷி கணவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கல்லில் நார் உரிக்கிற வேலை என்று தெரியும். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவள் விடுவதாயில்லை. சுவர் ஜன்னலுக்கு அப்பால் ஒரு பசு மூச்சு விட்டது. அடுப்பங்கரைக்கும் தொழுவத்துக்கும் நடுவில் ஒரு முழத்துக்குத் தடித்த கல்சுவர். அதில் இரும்புக்கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். குளிர்காலத்தில் மாடுகளின் சூடு அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வரும்.

பிஷெந்தே தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

“அவனுக்காகத்தானே?”

பதினேழு வருடத்தில் அவன் வாயிலிருந்து ‘அவன்’ என்று ஒரு சொல் வந்தது அன்றைக்குத்தான். இனாஷி தலையை ஆட்டினாள்.

“சரி. உள்ளயே வெட்டுறேன்,” என்றான் பிஷெந்தே. “சனிக்கிழமை ஆரம்பிச்சுடலாம். கஷியானோ, விடியறதுக்குள்ள கடப்பாரையோட வந்துடுங்க.”

கஷியானோ எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு, விடைபெறாமலே போனார்.

*

பதினேழு வருடத்துக்கு முன்னால், ஒரு பிப்ரவரி மாதம். பிஷெந்தே எல்லைக்கு அந்தப்பக்கம், பிரான்ஸ் காட்டில் மரம் வெட்டப் போயிருந்தான். இனாஷிக்கு ஏழாம் மாதமே வலி கண்டுவிட்டது. மலையிறங்கிப் பாதிரியாரைக் கூட்டி வர இரண்டு மணி நேரம் ஆகும். குழந்தை அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை. அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாம், ஆனால் அதற்குக்கூட நேரம் இல்லை என்றாள் மாமியார். ஆண் குழந்தை என்பதையும் அவள்தான் சொன்னாள்.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. வீடுதான் அதற்கு இடம் கொடுக்கும். கூரைத்தண்ணீர் சொட்டுகிற கோட்டில், இறவாரத்துக்கு அடியில் புதைப்பார்கள். பாதிரியாரின் தண்ணீர் படாத தலையில் வீட்டின் தண்ணீராவது படட்டும் என்பது கணக்கு. எலோர்தி மட்டுமல்ல, அந்தப் பள்ளத்தாக்கில் எல்லா வீடுகளும் அப்படித்தான். அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், அவ்வளவே.

மாமனாரும் கஷியானோவும் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். இனாஷி மேல்மாடியில் படுத்திருந்தாள். பெற்றவள் கோயிலுக்குப் போய்ச் சுத்தமாகிற வரை கூரையை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. ஐந்தாம் நாள் அவளால் தாங்க முடியவில்லை. படியிறங்கி வாசலுக்கு வந்தாள். மாமியார் தடுக்கவில்லை. ஒரு கூரை ஓட்டை எடுத்து அவள் தலையில் வைத்தாள். அப்படிச் செய்தால் கூரைக்கு அடியிலேயே இருக்கிற மாதிரி. தவிர்க்க முடியாமல் கிணற்றடிக்குப் போகிற பெண்கள் அப்படித்தான் போவார்கள்.

“வடக்குப் பக்கம். தண்ணி விழுற எடத்துல. பார்த்துட்டு ஒடனே வந்துடு. ஓட்டைக் கீழ போட்டு ஒடச்சிடாதே.”

மழை. தலையில் ஓடும், இரண்டு கையாலும் அதைப் பிடித்த பிடியுமாக வீட்டைச் சுற்றிப் போய் நின்றாள். பாசி கலையாமல் பச்சையாகக் கிடந்தது. எந்த இடம் என்று தெரியவில்லை. திரும்பி வந்து கேட்டதற்கு, “கஷியானோ பாசியோட பேத்து எடுத்து, அப்படியே திரும்ப வெச்சுட்டான். கைதேர்ந்தவன்ல,” என்றாள் மாமியார்.

அன்றிலிருந்து அந்த நாலடி மண் இனாஷியுடையது. அவள் அங்கே பூ நடவில்லை, சிலுவை வைக்கவில்லை. வைக்கவும் கூடாது. கோழியை விரட்டினாள். விறகு அடுக்க விடவில்லை. பிறகு பிறந்த இரண்டு பெண்களையும் அங்கே விளையாட விடவில்லை. அவர்கள் வளர்ந்து பள்ளத்தாக்கில் காகித ஆலைக்கு வேலைக்குப் போயும்விட்டார்கள். மழை பெய்கிற ராத்திரிகளில் வடக்கு இறவாரத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குவாள். நனைகிறானே என்று அவள் நினைத்ததில்லை. நனைய வேண்டும் என்றுதான் நினைப்பாள். மழையில்லாத ஆகஸ்டில் ஒன்றிரண்டு தடவை, வீட்டில் யாரும் பார்க்காதபோது, ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறாள்.

*

சனிக்கிழமை அவள் பாலாடைக்கட்டியும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு தொலோசா சந்தைக்குப் போய்விட்டு, பிற்பகலில் கழுதையோடு திரும்பினாள். பூந்தூறலாக இருந்தது. முற்றத்தில் ஆப்பிள் பிழிகிற கொட்டகைச் சுவரோரம் தொழுவத்தின் நடு வரிசைப் பலகைக்கற்கள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பிஷெந்தே காளைகளைப் பூட்டி ஒரே காலையில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டிருந்தான். நூறு வருடச் சாணியும் வைக்கோலும் தூறலில் கரைந்து கற்களின் முகம் வெளியே வந்துகொண்டிருந்தது.

கழுதையின் சுமையை அவிழ்த்துக்கொண்டே இனாஷி கற்களைப் பார்த்தாள். நல்ல கற்கள். வாசலுக்குப் போடலாம் என்றுகூட ஒரு யோசனை ஓடியது. அப்புறம்தான் அந்தக் குழிகளைப் பார்த்தாள்.

ஒவ்வொரு கல்லிலும் ஒரே கோட்டில், சாண் இடைவெளியில், கட்டைவிரல் நுழைகிற அளவு சின்னச் சின்னக் குழி. ஒரு கல்லில் மூன்று, இன்னொன்றில் நாலு. மாட்டுக் குளம்பு இப்படிக் கல்லைத் தோண்டாது. குளம்பு தேய்க்கும், வழவழப்பாக்கும். இது குத்தின குழி, வட்டமாக. ஒன்றுக்குள் கட்டைவிரலை வைத்தாள். சரியாகப் பொருந்தியது. இதே மாதிரிக் குழியில் அவள் விரல் வைத்திருக்கிறாள், வடக்கு இறவாரத்துக்கு அடியில் வாய்க்கால் ஓரக் கல்லில். அங்கே குழிகள் இன்னும் ஆழம் குறைவு, அவ்வளவுதான்.

ஓட்டுக்கூரையின் ஒவ்வொரு வாய்க்காலிலிருந்தும் ஒரே இடத்தில் சொட்டிச் சொட்டித் தண்ணீர் போடுகிற குழி.

தொழுவத்துக்குள் மழை எப்படிப் பெய்யும்?

அவள் கழுதையை அப்படியே விட்டுவிட்டு நின்றாள். அடுப்பங்கரை ஜன்னல் ஞாபகம் வந்தது. மாட்டைப் பார்க்கிற ஜன்னலுக்கு இரும்புக்கம்பி எதற்கு? எந்தத் திருடன் தொழுவத்திலிருந்து வருவான்? பத்தொன்பது வருடமாக அந்தக் கம்பியில் கைத்துணி காயப்போட்டிருக்கிறாள், ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. அந்தத் தடித்த சுவர்தான் ஒரு காலத்தில் வீட்டின் வெளிச்சுவர். அந்த ஜன்னல் வெட்டவெளியைப் பார்த்த ஜன்னல். பிறகு யாரோ, பிஷெந்தேயின் தாத்தாவோ அவருடைய அப்பாவோ, கூரையை வெளியே நீட்டி இறக்கி, வெளியே புதுச்சுவர் எழுப்பி, நடுவில் மாட்டைக் கட்டியிருக்கிறார்கள். பழைய இறவாரம் இப்போதைய தொழுவத்தின் நடுவில் ஓடுகிறது. அவள் குழி வெட்டச் சொன்ன இடத்தில்.

உள்ளே ஓடினாள். பிஷெந்தே மார்பளவு பள்ளத்தில் நின்று மண்வெட்டியை வீசிக்கொண்டிருந்தான்.

“வந்துட்டியா? பாறையும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல. வெண்ணெய் மாதிரி எறங்குது. அந்தக் கிழவர் சும்மா பயமுறுத்தினார்.”

“மண்ணு எங்க?”

“கீழ் வயலுக்கு. நாலு வண்டி போயிடுச்சு. நல்ல கறுப்பு மண்ணு, சோளத்துக்கு ஆகும்.”

“மண்ணுல என்ன வந்தது?”

“என்ன வரும், பொதையலா?” முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தவன் அவள் முகத்தைக் கண்டு நிறுத்தினான். “ஓடு வந்துச்சு. பழைய கூரை ஓடு. கல்லு ஒவ்வொண்ணுக்கும் கீழ, ஒண்ணு மேல ஒண்ணு கவுத்தாப்புல. எதுக்கு வெச்சானுங்களோ. எல்லாத்தையும் வழிச்சு வெளிய குவிச்சேன். கஷியானோ மத்தியானத்துக்கு மேலதான் வந்தார், சுபியேத்தாவுல மாடு கன்னு போட்டுச்சாம். வந்தவர் அந்தக் குவியலைப் பார்த்துட்டு ஒரு வேலையும் செய்யல. கூடையில அள்ளிக்கிட்டு ரொட்டி அடுப்பு வீட்டுப் பக்கம் போனார். என்னாச்சு உனக்கு?”

“அவன் இங்கதான் இருந்தான், பிஷெந்தே.”

“யாரு?”

அவள் பள்ளத்தைப் பார்த்தாள். அவன் மண்வெட்டியின் பிடியைப் பார்த்தான், காலுக்குக் கீழே பார்த்தான். வலது காலைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தான். அந்த இடத்தையும் பார்த்தான்.

“அப்பா எங்கிட்ட ஒண்ணும் சொல்லல,” என்றான். “ஒரு நாளும் சொல்லல இனாஷி. எறவாரத்துக்குக் கீழன்னு மட்டும்தான்...”

அதற்கு மேல் கேட்க அவள் அங்கே நிற்கவில்லை.

*

ரொட்டி சுடுகிற வீடு முற்றத்தின் கடைசியில் தனியாக இருந்தது. தீப்பொறிக்குப் பயந்து வீட்டை விட்டுத் தள்ளிக் கட்டிய சின்னக் கல்கட்டிடம். ஊருக்கு ரொட்டி வண்டி வர ஆரம்பித்த பிறகு அதில் உடைந்த ஏரும் காலிப் பீப்பாயும்தான் கிடந்தன. கதவு திறந்திருந்தது. கஷியானோ அடுப்பு வாய்க்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். மாவு பிசைகிற பழைய மரத்தொட்டியைத் துடைத்துக் கவிழ்த்து, அதன் மேல் ஓடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கை நீளத்துக்கு வளைந்த மண் ஓடுகள். ஒன்றை மல்லாத்தி, மேலே ஒன்றைக் கவிழ்த்து, ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாததை எடுத்து வேறொன்றோடு வைத்துப் பார்த்தார். பாதி உடைந்திருந்தன.

இனாஷியின் நிழல் விழுந்ததும் கை நின்றது. திரும்பவில்லை.

“சொல்லியிருக்கலாம்,” என்றாள் அவள்.

“சொல்லியிருக்கலாம்.”

“புதன்கிழமை என் மேசையில உக்காந்து என் பீன்ஸைத் தின்னுக்கிட்டே ‘பாறை தட்டும்’னு சொன்னீங்க.”

“ஆமா.”

“பதினேழு வருஷம் வெறும் மண்ணுக்குக் கோழி வெரட்டியிருக்கேன் கஷியானோ. வாளியில தண்ணி கொண்டுபோய் ஊத்தியிருக்கேன். நான் ஊத்துறதை நீங்க பார்த்திருக்கீங்க. ஒரு தடவை உங்களுக்கு வணக்கம்கூடச் சொன்னேன்.”

கிழவர் கால்சட்டையில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

“உன் மாமனார்தான் உள்ள வெக்கச் சொன்னாரு. ‘மத்தவங்களோட வை’ன்னாரு. எலோர்தி பிள்ளைங்க எல்லாம் பழைய எறவாரத்துலதான். கூரை தள்ளிப் போனா அவங்களும் தள்ளிப் போவாங்களா? தீவனத்தொட்டியிலேர்ந்து மூணாவது கல்லு. நான்தான் தூக்கினேன். ஓட்டுல படுக்க வெச்சு ஓட்டால மூடினேன்.”

“எனக்கு ஏன் வெளியன்னு சொன்னாங்க?”

“உன் மாமியா. ‘அவளுக்குத் தெரிஞ்சா தொழுவத்துக்குள்ள கால வெக்கமாட்டா. அப்புறம் யாரு பால் கறக்கிறது’ன்னா.”

இனாஷி நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டாள். பால் கறந்திருக்கிறாள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. மூணாவது கல்லில் நிற்பது எப்போதும் வெள்ளைப் புள்ளி போட்ட பசு, அதற்கு முன்னால் அதன் தாய். முக்காலியைப் போட்டு, நெற்றியை மாட்டு விலாவில் சாய்த்து, அதன் மூத்திரம் கல் இடுக்கில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கறந்திருக்கிறாள். கூரைத்தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அவன் மேல் விழுந்ததில்லை. விழுந்ததெல்லாம் அதுதான்.

“இன்னிக்கு விடியக்காலம் வந்து, பிஷெந்தே எந்திரிக்கிறதுக்குள்ள அந்த ஒரு கல்லைத் தூக்கிடலாம்னு இருந்தேன்,” என்றார் கஷியானோ. “எடுத்துக்கிட்டுப் போய் வெளிய, நீ நினைச்ச எடத்துலயே வெச்சுட்டா, அதுக்கப்புறம் பொய்யே இல்லைன்னு ஆயிடும்ல? மாடு சரியா ராத்திரி மூணு மணிக்கு விழுந்து படுத்துக்கிச்சு. கன்னு ரெண்டு காலும் பின்னால மடங்கிச் சிக்கிக்கிச்சு. விட்டுட்டு வர முடியல. வந்து பார்த்தா இந்தக் குவியல்.”

“கன்னு?”

“பொழச்சிடுச்சு.”

அவள் கிட்டே வந்து தொட்டிக்கு இந்தப்பக்கம் மண்டியிட்டாள். எல்லா ஓடும் ஒரே நிறம். எல்லாவற்றின் உள்வளைவிலும் கறுப்பு மண் ஒட்டியிருந்தது.

“எத்தனை?”

“பதினொரு ஜோடி. எனக்குத் தெரிஞ்சது அஞ்சுதான். மத்தது என் அப்பன் காலம், அவருக்கும் முந்தின காலம்.”

“எலும்பு?”

“இந்த மண்ணுல பிஞ்சு எலும்பு நிக்காது பொண்ணே. ஒட்டியிருக்கிற இந்த மண்ணுதான்.”

“அடையாளம் எதுவும் வெக்கலையா? ஒரு கீறல்?”

“எதுக்கு வெப்பேன்? கல்லு எனக்குத் தெரியும். கல்லு அங்கேயே கெடக்கும்னு நெனச்சேன். ஓடும் பழைய கூரையில மிஞ்சின அடுக்குலேர்ந்து எடுத்ததுதான், இதுங்களோட ஒண்ணாச் சுட்டது.”

அவள் ஒரு ஜோடியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். இன்னொன்றைத் திறந்தாள். முகர்ந்து பார்த்தாள். மண் வாசனை, மாட்டு மூத்திர வாசனை. மூன்றாவதைத் திறக்கும்போது ஓட்டின் மூலை பெயர்ந்து அவள் மடியில் விழுந்தது. அதை எடுத்து, எந்த ஓட்டிலிருந்து பெயர்ந்ததோ அதிலேயே பொருத்திப் பிடித்துக்கொண்டாள். கையை எடுத்தால் விழுந்துவிடும் என்பதால் எடுக்கவில்லை.

மலைப்பாதையில் லாரி ஏறுகிற முனகல் கேட்டது. சிமெண்ட் வண்டி. திங்கள்கிழமை வர வேண்டியது, இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. முற்றத்தில் பிஷெந்தேயின் குரல், “கஷியானோ! மூட்டை இறக்க ஆள் வேணும்!” அவன் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. வருகிறீர்களா, நான் வரவா என்று கேட்கிற குரல் மாதிரி இருந்தது. அவன் அடுப்பு வீட்டுப் பக்கம் வரவில்லை.

கிழவர் எழுந்திருக்க முயன்று ஒரு முழங்காலை ஊன்றினார். இனாஷி அவர் வலது கையைப் பிடித்தாள். இத்தனை பேரைச் சுமந்த கை.

“இருங்க,” என்றாள். “நல்லா யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கு அவனைப் படுக்க வெச்சப்போ உங்க கையில இருந்த ஓடு. அதோட கனம், சொரசொரப்பு, ஏதாவது. இதுல எதுன்னு ஒண்ணைத் தொட்டுக் காட்டுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல, கஷியானோ. எனக்குத் தெரியப் போறதில்ல. ஒண்ணே ஒண்ணைத் தொட்டுக் காட்டுங்க.”